பெரிய நன்கொடையில் தலைமையின் பங்கு: முதல் சந்திப்பிலிருந்து பொறுப்பை ஒப்படைப்பது வரை முழு வழிகாட்டி

ஒரு பல்கலைக்கழகத்துக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ பெரிய தொகை கொடுக்க யோசிப்பவர், கையெழுத்துப் போடும் முன் தலைவரைப் பார்த்துப் பேச வேண்டும் என்பார். நிதி திரட்டும் பிரிவு எவ்வளவு திறமையாக இருந்தாலும் இது மாறாது. இந்த இடம் இன்னும் பத்து வருடத்தில் எங்கே இருக்கும், நான் கொடுக்கும் பணத்துக்கு யார் பொறுப்பு என்ற இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லும் அதிகாரம் தலைவரிடம்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் பல இடங்களில் நிதி திரட்டலைத் தனிப் பிரிவின் வேலை என்று ஒதுக்கிவிட்டு, காசோலை வாங்கும் படத்துக்கு மட்டும் தலைவரை அழைக்கிறார்கள். அதை மாற்ற நினைக்கும் துணைவேந்தர், முதல்வர், இயக்குநர், அறங்காவலர், அவர்களோடு வேலை செய்யும் அலுவலர் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். அமெரிக்கத் தொழிலதிபர் மைக்கேல் ப்ளூம்பெர்க் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1964-ல் படிப்பை முடித்தார். அடுத்த வருடம் அவர் அனுப்பிய முதல் நன்கொடை 5 டாலர். 2018-ல் அதே பல்கலைக்கழகத்துக்கு, மாணவர் உதவித்தொகைக்காக 180 கோடி டாலர் அறிவித்தார். துணி துவைத்துப் பிழைத்த ஒசியோலா மெக்கார்ட்டி, வாழ்நாள் சேமிப்பிலிருந்து 1,50,000 டாலரைத் தெற்கு மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குத் தருவதாக 1995-ல் அறிவித்தார். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். யார் எவ்வளவு கொடுப்பார்கள் என்பதைத் தோற்றத்தையும் முதல் தொகையையும் வைத்துக் கணிக்க முடியாது. கீழே பெரிய நன்கொடை பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். ஆனால் சின்னத் தொகை கொடுத்தவரைக் கவனிக்காத நிறுவனத்துக்குப் பெரிய தொகை வரும் வழியும் அடைபடும்.

1. எதற்குப் பணம் என்பதைத் தலைவரே எழுதட்டும்

ஒரே பக்கம் போதும், ஆனால் தலைவர் தன் கையால் எழுத வேண்டும். மற்றவர் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டுப் போகிறவர், எதிரில் இருப்பவர் கேட்கும் இரண்டாவது கேள்வியிலேயே திணறுவார். யாருக்கு என்ன மாறும், அதை நாம் ஏன் செய்ய வேண்டும், ஏன் இப்போது, எவ்வளவு ஆகும், கேட்டதில் பாதிதான் கிடைத்தால் எதைச் செய்வோம், எதை விடுவோம் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் யாரும் பதில் எழுதி வைப்பதில்லை. தொழில் நடத்திப் பழகியவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

"எங்கள் ஆய்வகம் பழசாகிவிட்டது" என்றால் அது நிறுவனத்தின் குறையாக மட்டும் நிற்கிறது. "ஒரு கருவியைச் சுற்றி ஆறு மாணவர்கள் நிற்கிறார்கள், ஒருவர் செய்கிறார், ஐந்து பேர் வேடிக்கை பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுகிறார்கள், இன்னும் எட்டுக் கருவி வந்தால் இருவருக்கு ஒன்று கிடைக்கும்" என்று சொன்னால், கேட்பவருக்கு அந்த அறை கண்முன் வருகிறது. எழுதி முடித்ததும் நிறுவனத்தோடு சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் அதைத் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல முடியாவிட்டால் பக்கம் இன்னும் தயாராகவில்லை.

2. உள்ளே இருப்பவர்கள் முதலில் கொடுக்க வேண்டும்

"உங்கள் குழுவில் எல்லோரும் கொடுத்துவிட்டார்களா?" என்று அனுபவமுள்ள நன்கொடையாளர் கட்டாயம் கேட்பார். அறங்காவலர் குழுவில் ஒருவர் விடாமல் எல்லோரும் கொடுத்திருக்க வேண்டும். அவரவர் வசதிக்கேற்ற தொகை போதும். தலைவரும் கொடுக்க வேண்டும். குழு உறுப்பினர்களிடம் கேட்கும் பொறுப்பு குழுத் தலைவருடையது. தன்னை நியமித்தவர்களிடமே போய் இயக்குநர் கையேந்தும்படி விட்டுவிடக் கூடாது.

ஹார்வர்டு தமிழ் இருக்கை நமக்கெல்லாம் தெரிந்த உதாரணம். தேவைப்பட்டது 60 லட்சம் டாலர். முயற்சியைத் தொடங்கிய மருத்துவர்கள் இருவர், ஆளுக்கு 5 லட்சம் டாலர் தருவதாகச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களிடம் போனார்கள். அதாவது மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, கேட்க வந்தவர்களிடமிருந்தே. அப்புறம் உலகெங்கும் இருந்து சிறு தொகைகள் வந்தன, தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது, 2018-ல் இலக்கு நிறைவேறியது.

3. கணக்கைப் போட்டுப் பாருங்கள்

10 கோடி இலக்கு என்றால், ஆயிரம் பேர் ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்தால் போதுமே என்று குழுவில் யாராவது சொல்வார்கள். அப்படி எங்கும் நடப்பதில்லை. நடைமுறையில் கணக்கு இப்படி இருக்கும்: 2 கோடி கொடுப்பவர் ஒருவர், 1 கோடி கொடுப்பவர் இருவர், 50 லட்சம் நால்வர், 25 லட்சம் எட்டுப் பேர். இந்தப் பதினைந்து பேரிடமிருந்தே 8 கோடி வந்துவிடுகிறது. மீதி 2 கோடியை நூற்றுக்கணக்கானோர் சிறு தொகைகளாகக் கொடுப்பார்கள்.

ஒரு நன்கொடை கிடைக்க மூன்று அல்லது நான்கு பேரிடம் பேச வேண்டியிருக்கும். ஆக, பதினைந்து நன்கொடைக்கு ஏறக்குறைய ஐம்பது பெயர் கையில் வேண்டும். அவ்வளவு பெயர் இல்லையென்றால் இலக்கைக் குறைப்பதா, ஒரு வருடம் உறவு வளர்ப்பில் செலவிடுவதா என்பதைத் தலைவர் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். பாதிக்கு மேல் உறுதியான பிறகே பொதுவில் அறிவியுங்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் இந்த அமைதியான கட்டத்தை வருடக்கணக்கில் நடத்துகின்றன.

4. யாரிடம் போவது

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விஷயம் தெரிய வேண்டும்: கொடுக்கும் வசதி, நம்மோடு உள்ள தொடர்பு, இந்த வேலையில் உள்ள ஆர்வம். பலர் வசதியில் தொடங்குகிறார்கள். நாட்டின் பணக்காரர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் தொடர்பில் தொடங்கச் சொல்வேன். பத்து வருடமாக விடாமல் சின்னத் தொகை அனுப்பும் முன்னாள் மாணவர், பெயரே கேள்விப்படாத கோடீஸ்வரரைவிட உங்களுக்கு நெருக்கமானவர். அவரை இதுவரை யாரும் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

முழு நேர அலுவலர் ஒருவர் நூறு முதல் நூற்றைம்பது பேர் வரை கவனித்துக்கொள்ளலாம். தலைவருக்கு இருபது, இருபத்தைந்து பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். அந்த இருபது பேருக்கான நேரம் அவருடைய நாட்காட்டியில் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். மாதத்தில் நான்கு சந்திப்பு என்று வைத்துக்கொண்டால்கூட வருடத்துக்குள் எல்லோரையும் இரண்டு முறை பார்த்துவிடலாம். ஓய்ந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த ஓய்ந்த நேரம் வராது.

5. முதல் சந்திப்புகள்: கேட்டுக்கொள்வதே வேலை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

முதல் சந்திப்பில் பணம் கேட்காதீர்கள். கேட்கப்போவதில்லை என்பதை நேரம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். எதிரில் இருப்பவர் இறுக்கமில்லாமல் பேசுவார். தலைவர்கள் பேசிப் பழகியவர்கள். மேடையும் கூட்டமும் அவர்களுக்கு அன்றாடம். அதனால் இந்தச் சந்திப்பிலும் முக்கால் மணி நேரம் தாங்களே பேசிவிட்டு, நன்றாகப் போனது என்று நினைத்துத் திரும்புகிறார்கள். நேரத்தில் மூன்றில் இரண்டு பங்காவது எதிரில் இருப்பவர் பேச வேண்டும். அலுவலர் கூடப் போவதே அதற்காகத்தான்: அவர் குறிப்பெடுக்கவும், பேச்சு நிறுவனத்தின் பெருமைக்குள் போய்ச் சிக்கும்போது ஒரு கேள்வியால் வெளியே இழுக்கவும்.

என்ன கேட்கலாம்? இங்கே படித்தபோது யாருடைய வகுப்பு நினைவில் இருக்கிறது. இதுவரை கொடுத்த நன்கொடைகளில் எது மனதுக்கு நிறைவாக இருந்தது. எதில் ஏமாற்றம். எங்களைப் பற்றி உங்களுக்கு உள்ள சந்தேகம் என்ன. கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்குவார்கள். ஆனால் அதற்கு வரும் பதிலில்தான் அடுத்த ஒரு வருட வேலை இருக்கும்.

சந்திப்பு முடிந்த அன்றே குறிப்பு எழுதிவிட வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

"நூலகம் பற்றிப் பேசியபோது ஆர்வம் காட்டவில்லை. முதல் தலைமுறை மாணவர்கள் இரண்டாம் ஆண்டில் படிப்பை விடுவதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்டார்: எத்தனை பேர், எந்தப் பாடத்தில், அவர்கள் வீட்டில் யாராவது பேசினார்களா. தானும் ஒரு வருடம் படிப்பை நிறுத்தியவர் என்றார். பெயர் வெளியே வர வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். செய்ய வேண்டியது: படிப்பை விட்டவர்களின் கணக்கை மாணவர் நலப் பிரிவிடம் வாங்கி அடுத்த வெள்ளிக்குள் தலைவர் கையெழுத்தோடு அனுப்புவது. அடுத்த முறை அந்தப் பிரிவின் பேராசிரியரை அழைத்துப் போவது. பணம் பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை."

'சந்திப்பு இனிமையாக இருந்தது' என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஆறு மாதம் கழித்து யாருக்கும் பயன்பட்டிருக்காது. மேலே உள்ள குறிப்பில் அடுத்த அடி என்ன, யார் செய்வது, எப்போதுக்குள் என்பது இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிதி திரட்டிய டேவிட் டன்லப் இதை ஒரு முறையாகவே வளர்த்தார்: ஒவ்வொரு முக்கிய நன்கொடையாளருக்கும் திட்டமிட்ட அடுத்த நகர்வு ஒன்று எப்போதும் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

குறிப்பில் எதை எழுதக் கூடாது என்பதும் முக்கியம். குடும்பச் சண்டை, உடல்நலம், யாரோ சொன்ன வதந்தி எதுவும் வேண்டாம். அந்தப் பக்கத்தை நன்கொடையாளரே கேட்டு வாங்கிப் படித்தாலும் நீங்கள் கூசாத அளவில் எழுதுங்கள்.

6. கேட்கும் நாள்

நேரம் வந்துவிட்டது என்பது எப்படித் தெரியும்? அவர் "இதற்கு எவ்வளவு ஆகும்?" என்றோ, "நான் என்ன செய்யலாம்?" என்றோ கேட்கத் தொடங்குவார். நிறுவனத்தைப் பற்றிப் பேசும்போது "நீங்கள்" என்பது "நாம்" ஆகும். அப்போது, ஒரு திட்டத்தோடு வரலாமா என்று அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். எதற்காக வருகிறீர்கள் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

தலைவரும், முடிந்தால் ஏற்கெனவே கொடுத்த ஒருவரும் போவது நல்லது. யார் கேட்பது, எந்தத் தொகை, எந்த வார்த்தையில் என்று முந்தின நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தொகையைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். "உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்" என்றால் யோசிக்கும் பாரத்தை அவர் தலையில் வைக்கிறீர்கள். இப்படிக் கேட்கலாம்:

"நீங்கள் அன்றைக்கு விசாரித்தீர்களே, அந்த இரண்டாம் ஆண்டு மாணவர்கள், அவர்களுக்காக ஒரு திட்டம் போட்டிருக்கிறோம். மூன்று வருடத்துக்கு 50 லட்சம் ஆகும். அதை நீங்கள் ஏற்று நடத்த முடியுமா என்று கேட்கத்தான் வந்தோம்."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் "இல்லை, 30 லட்சமானாலும் சரி" என்று தானே குறைத்துக்கொள்ளும் தலைவர்கள் நிறைய. அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார், யோசிக்க விடுங்கள்.

மறுப்பு வந்தால் எதை மறுக்கிறார் என்று பாருங்கள். தொகையையா, திட்டத்தையா, நேரத்தையா, நம்மையேவா? முதல் மூன்றில் எதுவானாலும் பேச்சு தொடரலாம். நான்காவது என்றால் மரியாதையோடு நன்றி சொல்லிவிட்டு, காரணத்தை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

கட்டுப்பாடு இல்லாத நிதி கேட்பதற்கும் கூச்சப்பட வேண்டாம். எதற்கு வேண்டுமானாலும் செலவிடலாம் என்று வரும் பணம்தான் நிறுவனத்தை நிமிர வைக்கும். அமெரிக்கக் கொடையாளர் மெக்கன்சி ஸ்காட் 2020 முதல் அறிவித்துவரும் பெரும் நன்கொடைகளில் மிகப் பல அந்த வகைதான். தலைமை மேல் நம்பிக்கை இருந்தால் அப்படிக் கொடுப்பவர்கள் உண்டு.

7. ஒப்பந்தத்தில் அவசரம் வேண்டாம்

சரி என்று சொன்ன மகிழ்ச்சியில் இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பின்னால் வரும் வழக்கும் மனக்கசப்பும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன.

1961-ல் ராபர்ட்சன் குடும்பம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு 3.5 கோடி டாலர் கொடுத்தது. அரசுப் பணிக்குப் போகும் பட்டதாரிகளை, குறிப்பாக வெளியுறவு சார்ந்த வேலைகளுக்கு, உருவாக்குவதே நோக்கம். நோக்கத்தை விட்டு விலகிப் பணம் செலவாகிறது என்று அடுத்த தலைமுறை 2002-ல் வழக்குப் போட்டது. அதற்குள் அந்த நிதி பல மடங்கு வளர்ந்திருந்தது. 2008-ல் சமரசம் ஆனபோது, குடும்பத்தின் வழக்குச் செலவும் புதிதாகத் தொடங்கும் அறக்கட்டளைக்கான தொகையுமாக 9 கோடி டாலருக்கு மேல் போனது. யேல் பல்கலைக்கழகத்தில் வேறு விதம். மேற்கத்திய நாகரிகப் படிப்புக்காக 1991-ல் முன்னாள் மாணவர் லீ பாஸ் கொடுத்த 2 கோடி டாலர் திட்டம் வருடக்கணக்கில் நகரவில்லை. பேராசிரியர் நியமனத்தில் தனக்கும் சொல் வேண்டும் என்று அவர் கேட்டதைப் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. 1995-ல் பணம் முழுதும் திரும்பிப் போனது.

முதலாவது சொன்னபடி செலவிடுவது பற்றியது. இரண்டாவது சொன்ன வேலையை நேரத்தில் தொடங்குவதும், கல்விச் சுதந்திரத்தின் எல்லையை முதல் நாளே சொல்வதும் பற்றியது. இரண்டிலும் தலைவரின் கவனம் தேவைப்பட்ட இடம் ஒப்பந்தம்தான்.

எழுத்தில் இருக்க வேண்டியவை: நோக்கம் தெளிவான வார்த்தையில், தவணைகளும் தேதிகளும், யார் செலவை அனுமதிப்பது, அறிக்கை எப்போது வரும், மாணவர் தேர்விலும் ஆசிரியர் நியமனத்திலும் நன்கொடையாளருக்குப் பங்கில்லை என்பது, காலம் மாறி அந்த நோக்கமே பொருந்தாமல் போனால் அதற்கு நெருங்கிய எதற்குப் பயன்படுத்தலாம், யாருடைய சம்மதத்தோடு. மூலநிதியாக, அதாவது முதலைச் சேமித்து வைத்து வருமானத்திலிருந்து செலவிடும் நிதியாக, கொடுப்பவருக்கு ஒரு கணக்கையும் முன்பே விளக்குங்கள். பொதுவாக வருடத்துக்கு 4 முதல் 5 சதவீதம்தான் செலவுக்கு எடுப்பார்கள். 1 கோடி கொடுத்தால் வருடத்துக்கு 4 அல்லது 5 லட்சம். இதைச் சொல்லாவிட்டால், ஒரு கோடி கொடுத்தும் நான்கு மாணவருக்குத்தான் உதவியா என்று பின்னால் வருத்தப்படுவார்.

கட்டடத்துக்கு நன்கொடையாளரின் பெயர் வைப்பதற்கும் காலவரை எழுதுங்கள். நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் ஏவரி ஃபிஷர் பெயரில் இருந்த அரங்குக்கு வேறு பெயர் வைக்க, 2014-ல் அவர் குடும்பத்துக்கு 1.5 கோடி டாலர் கொடுத்துச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் டேவிட் கெஃபனின் 10 கோடி டாலர் வந்து அவர் பெயர் ஏறியது.

8. வேண்டாம் என்று சொல்லவும் தயாராக இருங்கள்

எந்தப் பணத்தை வாங்க மாட்டோம் என்பதை ஒரு கொள்கையாக, யாரும் கொடுக்க முன்வராத அமைதியான நாளில் எழுதி வையுங்கள். காசோலை மேசையில் இருக்கும்போது அதை விவாதித்தால் தீர்மானம் பணத்தின் பக்கம் சாயும். பழக்கத்துக்கு அடிமையாக்கும் வலிநிவாரணியை விற்ற மருந்து நிறுவனத்தின் உரிமையாளர்களான சாக்லர் குடும்பத்தின் பெயரை 2019-ல் லூவ்ர் அருங்காட்சியகமும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் எடுத்தன. அந்த மருந்து விவகாரம் அந்தப் பெயரை அப்படி மாற்றிவிட்டது. எனவே பெயரை எந்தச் சூழ்நிலையில் நீக்கலாம் என்ற வரியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் தலைவர் தனியாக முடிவெடுக்காமல் குழுவிடம் வைக்க வேண்டும். அலுவலர் மேல் பாரத்தைப் போடவே கூடாது.

இதோடு சேர்ந்த ஒன்று: திரட்டிய தொகையில் சதவீதம் என்று அலுவலருக்குச் சம்பளம் பேசாதீர்கள். இந்தத் தொழிலின் நெறிமுறைகள் அதைத் தவறு என்கின்றன. காரணமும் எளிது: கமிஷன் வாங்குபவர் இந்த மாதக் கணக்கைப் பார்ப்பார், உறவு கனிய மூன்று வருடம் ஆகலாம்.

9. நன்றியும் கணக்கும்

ரசீது வேறு, நன்றி வேறு. இரண்டு நாளுக்குள் நன்றி போய்ச் சேர வேண்டும். பெரிய தொகை என்றால் அன்றே தலைவர் தொலைபேசியில் பேசட்டும். அமெரிக்கக் கணக்குகளைப் பார்த்தால், ஒரு வருடம் கொடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அடுத்த வருடம் கொடுப்பதில்லை. புதியவர்களைத் தேடி ஓடும் வேகத்தில் பழையவர்களிடம் யாரும் பேசாததற்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது என்பதே என் எண்ணம்.

அறிக்கை இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். என்ன செய்வதாகச் சொன்னோம், என்ன செய்தோம், எவ்வளவு செலவானது, எது நடக்கவில்லை. நடக்காததை மறைக்காதீர்கள். "இருபது பேரைத் திரும்பக் கொண்டுவர நினைத்தோம், பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள், எட்டுப் பேர் வேலைக்குப் போய்விட்டார்கள், அதனால் மாலை நேர வகுப்பு தொடங்குகிறோம்" என்ற வரி, பளபளப்பான ஆண்டறிக்கையைவிட அதிக நம்பிக்கை தரும். கெட்ட செய்தியைத் தலைவரே முதலில் சொல்ல வேண்டும். நன்கொடையாளர் அதைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது.

நன்கொடையாளர் உரிமைகள் என்று ஒரு பட்டியலை 1993-ல் அமெரிக்க நிதி திரட்டல் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்டன. குழுவில் யார் இருக்கிறார்கள் என்று அறிய, கணக்கைப் பார்க்க, பணம் சொன்னதற்கே போனதா என்று உறுதிப்படுத்த, தன் விவரம் ரகசியமாக இருக்க, தயங்காமல் கேள்வி கேட்க அவருக்கு உரிமை உண்டு என்கிறது அது. அச்செடுத்து அலுவலகத்தில் ஒட்டி வைக்கலாம்.

10. தலைவர் மாறும்போது

பதவிக்காலம் முடியும், நன்கொடையாளர் அதற்குப் பிறகும் இருப்பார். உறவு முழுதும் ஒருவருடைய கைப்பேசியில் இருந்தால் அவர் போகும் நாளில் அதுவும் போய்விடும். அதனால் ஒவ்வொரு முக்கிய நன்கொடையாளருக்கும் நிறுவனத்தில் குறைந்தது மூன்று பேரைத் தெரிந்திருக்க வேண்டும்: தலைவர், ஒரு பேராசிரியர் அல்லது களப்பணியாளர், ஓர் அறங்காவலர்.

போகிறவர் தன் இருபது பேரிடம், பொது அறிவிப்புக்கு முன் தானே பேசிச் சொல்ல வேண்டும். முடிந்தவரை வருபவரையும் அழைத்துக்கொண்டு நேரில் போய் அறிமுகப்படுத்தட்டும். வாய்மொழியாகக் கொடுத்த வாக்குறுதிகள் ஏதாவது இருந்தால், இப்போதாவது எழுதி ஒப்படைக்க வேண்டும். புதியவரைத் தடுக்கி விழ வைப்பது அவைதான்.

வருபவர் முதல் மூன்று மாதத்தில் யாரிடமும் பணம் கேட்க வேண்டாம். முதலில் ஒப்பந்தக் கோப்புகளையும் சந்திப்புக் குறிப்புகளையும் படிக்கட்டும். தவணை பாக்கி உள்ளவர்களை முதலில் சந்திக்கட்டும், அவர்களுக்குத்தான் பதற்றம் அதிகம். முந்தையவர் தொடங்கிய திட்டங்களில் எதைத் தொடர்வார், எதை மாற்ற நினைக்கிறார் என்பதை அந்தச் சந்திப்பிலேயே சொல்லிவிடட்டும். மாற்றம் ஒப்பந்தத்தைத் தொடும் என்றால், செலவு செய்யும் முன் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும்.